மேகக்கரு எண்ணிக்கை மொத்தத் துகளைத் தாண்டினால் (ராமேசுவரம் அருகே மண்டபம் கடற்கரை அளவீடு)

மேகக்கருமானி காட்டும் எண்ணிக்கை மொத்தத் துகள் எண்ணி காட்டுவதைவிட அதிகமாக வருவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். மொத்தத் துகள் எண்ணியின் (துகள்கள் மேல் பியூட்டனால் ஆவியைப் படியவைத்துப் பெரிதாக்கி எண்ணும் கருவி) காற்றோட்டத்தை முதலில் அளந்து பாருங்கள். மேகக்கரு என்பது நீராவி படிந்து மேகத்துளியாக வளரக்கூடிய துகள்; அது மொத்தத் துகள்களில் ஒரு பகுதிதான். 0.4 சதவீத மிகைத்தெவிட்டலில் (ஈரப்பதம் 100.4 சதவீதமாக இருக்கும் நிலை) உங்களுக்கு நாள் முழுக்க மேகக்கரு/மொத்தத் துகள் விகிதம் 1.2 வருகிறது என்றால், பியூட்டனால் எண்ணி குறைத்துக் காட்டுகிறது என்றே முதலில் சந்தேகிப்பேன்.

மண்டபம் கடற்கரையில் உலர்த்தி இல்லாமல் காற்றை நேரே இழுக்கிறீர்கள். அந்தக் கடற்காற்றின் உப்பு, எண்ணியின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் நுண்துளையில் படிந்து அடைக்கும். கருவியோ நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடுவதாகவே கணக்குப் போடும். கிட்டத்தட்ட எல்லாத் துகள்களும் மேகக்கருவாக இருந்து, உண்மையில் 0.83 லிட்டர்தான் ஓடினால், அதுவே உங்கள் 1.2-ஐ விளக்கிவிடும். பம்ப் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

1. நுழைவாயிலில் சோப்புக்குமிழி ஓட்டமானியை மாட்டி மூன்று முறை அளந்து பாருங்கள்.
2. இரண்டு கருவிகளுக்கும் ஹெப்பா ஃபில்டர் (ஏறக்குறைய எல்லாத் துகள்களையும் தடுக்கும் வடிகட்டி) வையுங்கள். பூஜ்யம் வராவிட்டால் எங்கோ கசிவு.
3. பியூட்டனாலை வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். ஈரக்காற்றின் நீர் அதில் கலந்தாலும் எண்ணிக்கை குறையும். பழையதைத் திரும்ப ஊற்றவே வேண்டாம்.

அப்புறம் சிலிக்கா ஜெல் உலர்த்தி ஒன்றை இரண்டுக்கும் பொதுவாக வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் வைத்தால் அதில் ஒட்டி இழக்கும் துகள்களே விகிதத்தைக் கெடுக்கும்.

ஒரு எச்சரிக்கை: விசைப்படகுகள் கிளம்பும் நேரத்தில் டீசல் புகையால் மொத்த எண்ணிக்கை நொடிக்கு நொடி மாறும். மேகக்கருமானி ஒவ்வொரு மிகைத்தெவிட்டல் படியிலும் நிலைபெறச் சில நிமிடங்கள் ஆகும்; அதனால் இரண்டு எண்ணிக்கையும் ஒரே கணத்துக்கு உரியவையாக இருக்காது. அந்த நேரத்தில் மட்டும் 1-ஐத் தாண்டினால் அது கருவிக் கோளாறு அல்ல; அந்தத் தரவைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.