தோட்டத்துச் சாளையும் குட்டைத் துப்பாக்கியும்

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே எங்கள் சாளை (தோட்டத்து வீடு) இருக்கிறது. பக்கத்து வீடு ஒரு கிலோமீட்டர் தள்ளி. பல்லடம், சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு அம்மாவுக்கு இரவில் தூக்கமே இல்லை. 74 வயது அப்பாவிடம் உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி உண்டு. ஆனால் அதன் நீளத்துக்கு வீட்டுக்குள் திரும்பினால் நிலைக்கதவில் இடிக்கிறது. கெல்-டெக் கே.எஸ்.ஜி. என்ற குட்டைத் துப்பாக்கியில் 15 தோட்டா போடலாம், அதை வாங்கிக்கொள் என்கிறார் டெக்சாஸில் இருக்கும் அத்தை மகன். வாங்க முடியுமா? இல்லையென்றால் அப்பாவின் துப்பாக்கிக் குழலை வெட்டிக் குறைக்கலாமா?

பதில்: முதலில் இரண்டாவது கேள்வி. தயவுசெய்து குழலில் கை வைக்காதீர்கள். உரிய அனுமதியின்றிக் குழலைக் குறைப்பதை ஆயுதச் சட்டம், 1959-இன் 6-ஆம் பிரிவு தடை செய்கிறது. எத்தனை அங்குலம் குறைத்தாலும் குற்றம்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டுச் சிறை, ஆயுள்வரை போகலாம். திருடனுக்குப் பயந்து செய்த வேலைக்கு நீங்கள் சிறைக்குப் போவதா?

இனி அத்தை மகன் சொன்ன துப்பாக்கி. அதன் குழல் 18.5 அங்குலம், மொத்த நீளம் ஏறத்தாழ 26 அங்குலம். அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஷாட்கன் (ரவைகளைச் சிதறச் சுடும் துப்பாக்கி) குழல் 18 அங்குலத்துக்கும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறைந்தால் தனிக் கெடுபிடிகள் வந்துவிடும். அந்த எல்லைக்குள் நிற்கும்படி அமைந்த அளவு இது. நமது சட்டத்தின் 13-ஆம் பிரிவோ, தற்காப்புக்கு உரிமம் தரும்போது குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத துப்பாக்கியைத்தான் குறிப்பிடுகிறது. ஒன்றரை அங்குலம் குறைவதால், கலெக்டர் அலுவலகத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் உரிமத்தில் அது அடங்காது. உரிமம் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதை 10-ஆம் பிரிவு தடுக்கிறது. அவர் ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம் என்ற பேச்சே வேண்டாம்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் உங்கள் வீட்டுக்கு அது ஏற்றதென்று எனக்குத் தோன்றவில்லை. குழலுக்குக் கீழே இரண்டு குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஏழு தோட்டா; சுடத் தயாராகக் குழலில் ஒன்று, ஆக 15. ஒரு குழாய் தீர்ந்ததும் சிறு நெம்புகோலைக் கையால் மறுபக்கம் தள்ள வேண்டும். அது நடுவில் நின்றுவிட்டால் தோட்டா ஏறாது. ஒவ்வொரு முறை சுட்ட பின்பும் முன்கைப்பிடியை முழுவதும் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ள வேண்டும். நள்ளிரவில், கை நடுங்கும்போது, பழக்கமில்லாதவர் பாதியில் நிறுத்திவிடுவார். துப்பாக்கியே குட்டை என்பதால், முன்னால் பிடிக்கும் கை அதன் வாய்க்கு அருகிலேயே இருக்கும் என்பது இன்னொரு ஆபத்து.

அதைவிட, 15 தோட்டா என்ற எண்ணிக்கை நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றாது. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்க, அவன் உயிர் போகும் அளவுக்குக்கூடத் தற்காப்புரிமை உண்டு என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 37-ஆம் பிரிவு அதற்குக் கடிவாளம் போடுகிறது. ஆபத்தில் இருப்பவர் தராசு வைத்து அளந்து அடிக்க முடியாது என்பதை 2010-இல் தர்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அது பஞ்சாபில் நிலத் தகராறில் துப்பாக்கியால் சுட்ட வழக்குத்தான். ஆனாலும் முதல் குண்டுக்குக் கிடைக்கும் அனுதாபம், வெறுங்கையோடு திரும்பி ஓடுபவன் மீது பாய்ந்த ஐந்தாவது குண்டுக்குக் கிடைக்காது. ரவை முதுகில் பாய்ந்ததா, நெஞ்சில் பாய்ந்ததா என்பது பிரேதப் பரிசோதனை அறிக்கையில் எழுதியிருக்கும். தற்காப்புக்காகத்தான் சுட்டேன் என்று காட்டும் பொறுப்பும் உங்களுடையதே.

அப்பாவின் துப்பாக்கியே போதும் என்பது என் கருத்து. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. உரிமம் அவர் பெயரில் இருக்கும்வரை, அவர் ஊரில் இல்லாத இரவில் அதை நீங்கள் வைத்திருந்தால் உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்ததாக வழக்கு வரலாம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுவரை சிறை. இதற்கு 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. உரிமதாரருக்கு 70 வயது நிறைந்துவிட்டால், அவர் தன் வாரிசு ஒருவருக்கு அந்தத் துப்பாக்கியைக் கொடுக்க முன்வரலாம். வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம். அப்பா இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

மனுவில் “பாதுகாப்பு தேவை” என்று ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். தோப்பின் இருப்பிடம், அக்கம்பக்கத்தில் வீடு இல்லாதது, சுற்றுவட்டாரத்தில் நடந்த கொள்ளைகள், ஏற்கெனவே போலீஸில் கொடுத்த புகார்கள் என எல்லாவற்றையும் எழுதுங்கள், நகல்களையும் இணையுங்கள். துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆயுதச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த வாரங்களிலும் அம்மா அதே சாளையில்தான் தூங்க வேண்டும். ஆகவே மனு போடும் முன்பே இரும்புக் கதவு, உள்தாழ்ப்பாள், வாசலில் இரவு முழுவதும் எரியும் விளக்கு, கேமரா, அம்மா கைக்கெட்டும் இடத்தில் 112-ஐ அழைக்க ஒரு செல்போன் ஆகியவற்றை இந்த வாரமே ஏற்பாடு செய்யுங்கள். இவற்றுக்கு எந்த உரிமமும் வேண்டியதில்லை.