வானம் ஒட்டுகிற பையனுக்கு வேலை கிடைக்குமா?

அம்மா, போன வாரம் பாபநாசத்திலிருந்து மகனையும் கூட்டிக்கொண்டு வந்து, "டிப்ளமோ சிவில் முடிச்சவன் சைட்டுக்குப் போகாம ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர்ல வீட்டுக்குப் பின்னாடி மேகம் ஒட்டிக்கிட்டு இருக்கான், இதுக்கு யார் சார் சம்பளம் கொடுப்பாங்க" என்று கேட்டீர்கள். அன்று வெளியே ஆட்கள் காத்திருந்ததால் பாதிதான் சொன்னேன்.

சம்பளம் கொடுப்பார்கள். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் வீடு கட்டுகிற பலர் இப்போது பிளானை மட்டும் பார்த்துத் தலையாட்டுவதில்லை, கட்டி முடித்தால் வீட்டு முகப்பு எப்படி இருக்கும் என்று காட்டுகிற கம்ப்யூட்டர் படத்தை, அதாவது த்ரீடி எலிவேஷன், கேட்கிறார்கள். ஆனால் வானத்தை ஒட்டுவது மட்டுமே ஒரு தொழிலாகிவிடாது. போட்டோஷாப்பில் வானத்தைத் தானாகவே மாற்றித் தரும் வசதி 2020-லேயே வந்துவிட்டது. ஒட்டிய வானமும் வீடும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற கண்ணுக்குத்தான் காசு.

தம்பி காட்டிய படங்களையே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றில் வீட்டுக்குப் பின்னால் சூரியன் மறைகிறது, ஆனால் முன்சுவரில் பளீரென்று வெயில். சூரியன் பின்னால் இருந்தால் முகப்பு மங்கலாகத்தான் இருக்கும், தூணின் நிழல் நம்மை நோக்கி நீள வேண்டும். இன்னொன்றில் பனிமலை, நம் ஊரில் வயல் முடிகிற இடத்தில் வானம் தொடங்கிவிடும், அந்தத் தொடுவானக் கோடு கேமராவின் கண்மட்டத்தில் நிற்க வேண்டும். மூன்றாவதில் தென்னங்கீற்றைச் சுற்றி வெள்ளைக் கரை. வெள்ளைப் பின்னணியில் ரெண்டர் செய்து, அதாவது கம்ப்யூட்டரில் வரைந்த மாதிரியைப் படமாக மாற்றி, வெட்டினால் அப்படித்தான் வரும், பின்னணியே இல்லாமல் டிரான்ஸ்பரன்டாக ரெண்டர் செய்து பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஜன்னல் கண்ணாடி. ரெண்டர் முடிந்த பிறகு ஒட்டிய வானம் கண்ணாடியில் தெரியாது. அதற்குத்தான் எச்டிஆர்ஐ, அதாவது வெளிச்சத்தின் அளவையும் சேர்த்துப் பதிவு செய்த வானப் படம். சாதாரணப் படத்தில் வெள்ளை மேகமும் சூரியனும் கிட்டத்தட்ட ஒரே வெளுப்பு. எச்டிஆர்ஐயிலோ சூரியன் எத்தனை மடங்கு பிரகாசம் என்பதும் பதிவாகியிருக்கும், அதனால் அந்த வானமே வீட்டுக்கு வெளிச்சம் தரும், கண்ணாடியிலும் பிரதிபலிக்கும். பாலிஹேவன் தளத்தில் இவை இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். கூகுளில் கிடைக்கிற யாரோ எடுத்த படத்தை எடுத்துப் போடும் பழக்கத்தை இன்றே விடட்டும்.

இன்னொன்று, இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வீட்டை த்ரீடியில் வரைகிற ஸ்கெட்ச்அப் மென்பொருளில் ஊரைக் குறிப்பிடாவிட்டால் அது அமெரிக்காவின் போல்டர் நகரத்துச் சூரியனை எடுத்துக்கொள்ளும், அது நிலநடுக்கோட்டுக்கு 40 டிகிரி வடக்கே இருக்கிறது. நாம் ஏறத்தாழ 11 டிகிரி. இங்கே ஏறத்தாழ ஏப்ரல் 20-லிருந்து ஆகஸ்ட் 23 வரை உச்சிவேளைச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும், வடக்குப் பார்த்த வாசலிலும் வெயில் விழும். போல்டரில் உச்சிவேளைச் சூரியன் ஒருநாளும் தலைக்கு வடக்கே போகாது. இந்த வித்தியாசத்தைப் படத்தில் சரியாகக் காட்டுகிற பையனை எந்த ஆர்க்கிடெக்டும் கவனிப்பார். அதனால் பகலில் சைட்டுக்கும் போகட்டும் அம்மா, சன்ஷேட் நிழல் சுவரில் எங்கே விழுகிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும். ஐப்பசி மேகத்தை மொட்டைமாடியில் நின்று அவனே படம் எடுக்கட்டும்.

ஆர்க்கிடெக்ட் ஆக முடியுமா என்றும் கேட்டீர்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், அதற்கு ஐந்தாண்டு பி.ஆர்க். படிக்க வேண்டும். இந்த எலிவேஷன் வேலைக்கு அது கட்டாயமில்லை, ஆசை இருந்தால் தனியாகப் பேசுவோம்.

புது லேப்டாப்புக்காக நகையை அடகு வைக்க வேண்டாம். பிளெண்டர் என்கிற த்ரீடி மென்பொருள் இலவசம், இருக்கிற கம்ப்யூட்டரில் மெதுவாக ஓடினாலும் ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கலாம். ஒரே வீட்டைக் காலை ஏழு மணி, உச்சி, மாலை, மழைக்கு முன் என்று நான்கு வானத்தில் செய்து, ஒரு மாதம் கழித்துப் பென்டிரைவில் எடுத்துவரச் சொல்லுங்கள்.