வண்டிச் சத்தம் கேட்டதும் நின்றுபோகும் கிட்டார்

கேள்வி: எனக்கு 48 வயது. இருபத்தைந்து வருடங்களாகத் தனி கிட்டார் கேட்கிறேன். பக்கத்தில் டிரம்ஸ், பேஸ் எதுவும் இல்லாமல், ஒரே ஆள் அந்தந்த நிமிடத்தில் தோன்றுவதை ஒரே கிட்டாரில் வாசிக்கிற கலைதான் எனக்கு உயிர். அதிலும் அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜோ பாஸ் என்றால் எல்லாவற்றையும் மறந்துவிடுவேன். எனக்கு வாசிக்க வராது, ஆனால் நன்றாகக் கேட்கத் தெரியும். 16 வயதாகும் என் மகள் ஆறு வருடமாகக் கிட்டார் கற்கிறாள். எழுதிக்கொடுத்த பாடத்தைப் பிசகில்லாமல் வாசிப்பாள். 'உனக்குத் தோன்றுவதை வாசி' என்றால் மட்டும் கை நின்றுவிடுகிறது. வாராவாரம் உட்காரவைத்து நல்ல பதிவுகளைப் போட்டுக் காட்டி விளக்குகிறேன். அவள் வாசிக்கும்போதே எங்கே தப்பு என்று சொல்லிவிடுகிறேன். பலன் இல்லை. நான் வீட்டில் இல்லாதபோது ஏதேதோ சொந்தமாக வாசிக்கிறாளாம், என் வண்டிச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுகிறாளாம், என் மனைவி சொல்கிறாள். அவளுக்கு இசை ஒன்றும் தெரியாது. துணி மடித்துக்கொண்டே காதில் விழுந்ததைச் சொல்கிறாள், அதை எவ்வளவு தூரம் நம்புவது? ஜோ பாஸின் அப்பா மிகவும் கண்டிப்பானவர் என்று படித்திருக்கிறேன். நானும் இன்னும் கண்டிப்பு காட்ட வேண்டுமா? மகளுக்கு வேறு எந்தப் பதிவுகளைக் கேட்கக் கொடுக்கலாம்?

பதில்:

இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஒருவர் வயலின் என்று எழுதுவார், இன்னொருவர் ஓவியம் என்பார், சதுரங்கம் என்று எழுதியவர்களும் உண்டு. அப்பாவோ அம்மாவோ ஒரு கலையை உயிராக ரசிப்பார்கள், பிள்ளையின் கை அவர்கள் முன்னால் மட்டும் உறைந்துபோகும். 'கவலைப்படாதீர்கள், வயது வந்தால் சரியாகிவிடும்' என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை. பதிவுகளின் பட்டியலும் தரப் போவதில்லை. உங்கள் வீட்டில் பதிவுகளுக்குப் பஞ்சமில்லை.

'என் வண்டிச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுகிறாளாம்.' இந்த ஒரு வரியை எழுதிவிட்டு நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

நீங்கள் வண்டியை ஸ்டாண்டில் போடுகிறீர்கள். அதே நேரம் உள்ளே உங்கள் மகள் ஆறு கம்பிகள் மேலும் உள்ளங்கையை வைத்து அழுத்துகிறாள். கிட்டாரில் சத்தத்தை அடக்க அப்படித்தான் செய்ய வேண்டும். மீட்டுவதை விட்டால் மட்டும் போதாது, திறந்த கம்பி தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆகவே அவள் சும்மா நிறுத்தவில்லை. அப்பா கதவைத் திறப்பதற்குள் கடைசி அதிர்வுகூடக் காதில் விழக்கூடாது என்று அமுக்குகிறாள். அப்புறம் பாடப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொள்வாள் என்று நினைக்கிறேன். நீங்கள் உள்ளே வந்ததும் பிசகில்லாத பாடம் கேட்கும். ஆறு வருடமாக நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான்.

மகளுக்குச் சொந்தமாக வாசிக்க வரவில்லை என்பதுதானே உங்கள் கவலை? வராதவளுக்கு நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது? அவளுக்கு வருகிறது ஐயா. உங்கள் முன்னால்தான் வரவில்லை.

நன்றாகக் கேட்கத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கிறவருக்குத் தெரிவது ஒன்று, கைக்குத் தெரிவது இன்னொன்று. கூட்டாக வாசிக்கும்போது ஒருவர் யோசிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டால் தாளத்தை இன்னொருவர் தாங்கிக்கொள்வார். தனி கிட்டாரில் அந்த வசதி கிடையாது. வலது கைக் கட்டைவிரல் அடிச்சுரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மற்ற விரல்கள் நடுவே கார்டையும் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) மேலே மெட்டையும் கவனிக்க வேண்டும். இடது கையில் ஃபிரெட்டை, அதாவது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பிரித்திருக்கும் கட்டங்களை, அழுத்தக் கிடைப்பது பெரும்பாலும் நான்கே விரல்கள். மீட்டிய கம்பி அந்தக் கணத்திலேயே தேயத் தொடங்கிவிடும். அது தேய்ந்து முடிவதற்குள் அடுத்து எங்கே போவது என்று முடிவெடுத்தாக வேண்டும். இந்த அவசரத்தில் விரல் ஒரு ஃபிரெட் தள்ளி விழத்தான் செய்யும். எல்லோருக்கும் விழும்.

விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் கலையே இருக்கிறது. தேர்ந்தவர் கையை எடுக்க மாட்டார். விரலை அப்படியே ஒரு ஃபிரெட் வழுக்கிச் சரியான இடத்துக்குக் கொண்டுபோவார், அது ஒரு குழைவாகிவிடும். இல்லை, அதே சுரத்தை வேண்டுமென்றே இன்னொரு முறை அழுத்திச் சொல்வார், அடுத்த கார்டை அதற்கு ஏற்றபடி மாற்றிவிடுவார். நாம் 'ஆகா, எங்கே போய்விட்டார் பார்' என்கிறோம். விழுந்த சுரம் தப்பா இல்லையா என்பதை அதற்கு அடுத்த சுரம்தான் முடிவு செய்கிறது. உங்கள் வீட்டிலோ அந்த அடுத்த சுரம் வருவதற்குள் உங்கள் குரல் வந்துவிடுகிறது. 'தப்பு' என்று அப்பா பெயர் வைத்துவிட்டால், 16 வயதுப் பெண்ணால் அந்தச் சுரத்தை அதற்கப்புறம் எங்கே கொண்டுபோக முடியும்?

டெரெக் பெய்லியின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாழ்நாளின் பெரும்பகுதி கிட்டாரில் மனோதர்மமாகவே வாசித்த ஆங்கிலேயர், அதைப் பற்றி 1980-ல் புத்தகமே எழுதினார். கடைசிக் காலத்தில் வலது கையால் பிளெக்ட்ரத்தை, கம்பி மீட்டும் அந்தச் சின்னத் தகட்டை, பிடிக்க முடியவில்லை. கட்டைவிரலால் வாசிக்கப் பழகினார். அப்படிப் பழகியதை வாரக்கணக்கில் பதிவு செய்து 2005-ல் இசைத்தட்டாகவே வெளியிட்டார். அந்த வருடமே இறந்தும் போனார். எழுபத்தைந்து வயதில், அரை நூற்றாண்டு வாசித்த ஒரு மனிதர், தன் கை தடுமாறுவதை ஊரறியக் கேட்கக் கொடுத்தார். உங்கள் மகள் தன் தடுமாற்றத்தை வீட்டுக்குள் ஒரே ஒருவரிடமிருந்து மறைக்கிறாள். அந்த ஒருவர் யார் என்பதை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

சரி, ஜோ பாஸின் அப்பாவுக்கு வருவோம். அந்த உதாரணத்தை நீங்கள் கேடயமாக எடுத்து வந்திருக்கிறீர்கள், எனக்கு அதில் கோபமே வந்தது.

நீங்கள் படித்தது உண்மைதான். அவர் உருக்காலைத் தொழிலாளி. ஒன்பது வயதில் கிட்டார் கிடைத்த மகனை விடாமல் பழகவைத்தார். காதில் விழும் மெட்டையெல்லாம் வாசித்துப் பார், ஸ்கேல் என்கிற சுர வரிசைகளைப் பழகு, மெட்டுக்கு நடுவே வெற்றிடம் விடாமல் நிரப்பு என்று நச்சரித்தார். இதுவரை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டீர்களா? அந்தப் பிள்ளை பெரியவனானதும் போதை மருந்தில் விழுந்தான். 1950-களின் பெரும்பகுதி அதிலேயே போயிற்று. மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்து, அங்கிருந்தவர்களோடு வாசித்த இசைத்தட்டு 1962-ல் வந்த பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அப்பாவின் கண்டிப்புதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படித் தீர்ப்பு சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் ஒரு மனிதருடைய வாழ்க்கையில் உங்களுக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்து மகள் முன்னால் நீட்டாதீர்கள்.

இன்னொன்றும் பாருங்கள். ஜோ பாஸ் தனியாக வாசித்த 'வெர்ச்சுவோசோ' இசைத்தட்டு பதிவானது 1973-ல். அப்போது அவருக்கு 44 வயது. கிட்டார் கைக்கு வந்து முப்பத்தைந்து வருடம். அந்தத் தட்டில் இருப்பவையும் ஏறக்குறைய எல்லாமே பிறர் போட்ட பழைய மெட்டுகள்தான். ஊருக்கே தெரிந்த மெட்டைப் பிடித்துக்கொண்டு, அதைக் கெட்டியாகத் தெரிந்துவைத்திருந்த தைரியத்தில்தான் அவர் தன் வழியில் போனார். ஆகையால் பாடத்தைப் பிசகில்லாமல் வாசிப்பதை இளக்காரமாக நினைக்காதீர்கள். அது உங்கள் மகள் சேர்த்துவைத்திருக்கும் சொத்து. ஆசிரியர் தரும் பாடத்தை ஒழுங்காக வாசிப்பது அவள் கடமை, அந்தக் கடமையில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. உங்கள் கடமையைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

இன்னொரு அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞரான வெஸ் மான்ட்கோமரியையும் நினைத்துப் பாருங்கள். தனியாக வாசித்தவர் இல்லை, குழுவோடு வாசித்தவர்தான். ஆனாலும் இங்கே அவரைச் சொல்ல வேண்டும். இருபது வயதை ஒட்டித்தான் ஆறு கம்பிக் கிட்டாரைப் பிடித்தார். பகலில் வேலை, ராத்திரியில் பயிற்சி. பிளெக்ட்ரத்தால் மீட்டினால் அக்கம்பக்கத்தில் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவாகிறது என்று கட்டைவிரலின் சதையால் மீட்டத் தொடங்கினார். பிற்பாடு உலகமே மயங்கிய அந்த மெத்தென்ற ஓசை அப்படிப் பிறந்ததுதான். வீட்டோடும் அக்கம்பக்கத்தோடும் ஒத்துப்போய் வாழ்ந்த ஒருவரின் ஓசை அது. இதைப் படித்தபோது கலைக்காகக் குடும்பத்தை மிதித்துக்கொண்டு போகிறவர்கள் மேல் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் போய்விட்டது. அவர் மற்றவர்களின் தூக்கத்துக்காகச் சத்தத்தைக் குறைத்தார், வாசிப்பை நிறுத்தவில்லை. உங்கள் வீட்டில் ஒரு பெண் உங்கள் காதுக்குப் பயந்து வாசிப்பையே நிறுத்துகிறாள். பிள்ளைகள் பெரியவர்களுக்காக விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள்தான் நான். ஆனால் இதை விட்டுக்கொடுக்கச் சொல்ல எந்தப் பெரியவருக்கும் உரிமை இல்லை.

என் அப்பா நல்ல தமிழ் தெரிந்தவர். பள்ளிக்கூட நாட்களில் நான் நோட்டில் கவிதை மாதிரி ஏதோ எழுதுவேன். கேட்டு வாங்கிப் படிப்பார். சிவப்புப் பேனாவை எடுத்து விட்டுப்போன ஒற்றெழுத்துகளை முதலில் போடுவார். அதைத் தாண்டி அவர் போனதே இல்லை. போகப் போக அவருடைய செருமல் கேட்டாலே நோட்டை மூடிப் பாயின் அடியில் தள்ளிவிடுவேன். அவர் என்மேல் உயிரையே வைத்திருந்தார். நான் பத்திரிகையில் எழுதத் தொடங்கியபோது அவர் இல்லை. ஒற்றுப்பிழை இல்லாமல் எழுத அவர்தான் சொல்லிக்கொடுத்தார், இன்றும் நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனாலும் அந்த நோட்டில் என்ன இருந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

உங்கள் மகள் அப்பாவிடம் ஒளிப்பது சரியா என்று கேட்டால், சரியில்லைதான். பெற்றவர்களிடம் ஒளித்துப் பழகுவது நல்லதில்லை. ஆனால் இதை அவளிடம் போய்ப் பேசாதீர்கள். 'நீ வாசிப்பது எனக்குத் தெரியும், என் முன்னால் வாசி' என்று நீங்கள் சொன்ன அன்றைக்கு, நீங்கள் இல்லாத நேரத்திலும் அந்தக் கிட்டார் ஊமையாகிவிடும். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு மெதுவாக நடந்து வந்து ஜன்னலோரம் ஒட்டுக்கேட்கலாமா என்று ஒரு யோசனை இதற்குள் உங்களுக்கு வந்திருக்கும். கூடாது. மனைவியை விட்டு போனில் ரகசியமாகப் பதிவு செய்யச் சொல்வதும் கூடாது. அது அவளுடையதைத் திருடுவது. எப்போதும்போல வண்டியில் சத்தத்தோடு வாருங்கள். வந்து, கிட்டாரைப் பார்க்காமல், அன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். வாராந்திர வகுப்பை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் பதிவுகளை உங்களுக்காகக் கேளுங்கள், விளக்காமல் கேளுங்கள். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் உட்காரட்டும். பாடம் வாசிக்கும்போது தப்பு காதில் விழுந்தால், திருத்த ஆசிரியர் இருக்கிறார். எத்தனை நாள் இப்படி என்று கேட்காதீர்கள். ஆறு வருடமாகக் கட்டிய சுவர் ஆறு வாரத்தில் விழாது.

கடைசியாக உங்கள் மனைவி. 'அவளுக்கு இசை ஒன்றும் தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் சுட்ட வரி இதுதான். உங்கள் மகளுடைய கிட்டாருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ரசிகர் இருக்கிறார், அது அவர்தான். துணியை மடித்துக்கொண்டே, பாதி கவனம் வேலையில் வைத்து, தப்பு வந்தாலும் தலையைத் தூக்கிப் பார்க்காத ஒருவர் அறையில் இருப்பதால்தான் அந்தப் பெண்ணின் விரல்கள் துணிந்து போகின்றன. இருபத்தைந்து வருடம் கேட்டுப் பழகிய உங்களால் கொடுக்க முடியாததை, இசை தெரியாதவர் என்று நீங்கள் ஒதுக்கியவர் ஒவ்வொரு சாயங்காலமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வண்டிச் சத்தத்துக்கும் வாசிப்பு நிற்பதற்கும் உள்ள தொடர்பைக் கவனித்ததும் அவர்தானே? உங்கள் வீட்டில் நடப்பதைக் காதால் கேட்டு மனதால் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அதை உங்களிடம் சொல்லியும் பார்த்தார்.

இன்றைக்கு மகள் தூங்கிய பிறகு மனைவியோடு உட்காருங்கள். 'அவள் என்ன வாசித்தாள், எப்படி இருந்தது?' என்று கேளுங்கள். அவருக்கு கார்டு பெயர் தெரியாது, ஸ்கேல் தெரியாது. மழைக்கு முன்னால் வருகிற காற்று மாதிரி இருந்தது என்றோ, நடுவில் ஒரு இடத்தில் அழுகை வந்தது என்றோ சொல்வார். ஒருவேளை முணுமுணுத்துக் காட்டுவார், சுருதி சேராமல் இருக்கும். திருத்தாதீர்கள். முடிகிறவரை கேளுங்கள்.