மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள்

கேள்வி: நியூஜெர்சியில் எச்1பி விசாவில் வேலை பார்க்கிறேன். 60,000 டாலர் ஜெர்மன் எஸ்யூவி ஒன்றை லீஸ் எடுக்க ஆசை. 36 மாதம், டவுன் பேமெண்ட் 5,000, மாதம் 799 என்கிறார் டீலர். நல்ல டீலா? எப்படிப் பேரம் பேசுவது?

பதில்:

உங்கள் கேள்வியில் எல்லா எண்ணும் இருக்கிறது, காரை என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. 60,000 என்பது கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் விலை. விற்கும் விலையை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், அவரும் சொல்லியிருக்க மாட்டார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. 2016இல் நானும் இதையேதான் செய்தேன்.

ரூட் 22இல் ஒரு டீலர். நுழைந்ததும் காபி கொடுத்து உட்கார வைத்தார் விற்பனையாளர். முதல் கேள்வியே, "மாதம் எவ்வளவு கட்டினால் உங்களுக்கு வசதி?" நான் பெருமையாக "ஐநூறுக்குள்" என்றேன். மேனேஜரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார், கால் மணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது தாளில் 519 என்று வட்டம் போட்டிருந்தது. "பத்தொன்பது டாலருக்காகவா யோசிக்கிறீங்க?" யோசிக்கவில்லை. 39 மாதம், டவுன் பேமெண்ட் 4,500 என்று பக்கத்தில் பொடியாக எழுதியிருந்ததையும் யோசிக்கவில்லை. அந்த 4,500ஐ 39ஆல் வகுத்தால் மாதம் 115. ஆக நான் கட்டியது 634.

ரங்கநாதன் தெருவில் இருநூறு ரூபாய் சட்டையை நூற்றிருபதுக்குக் கேட்கிற ஆள் நான். இங்கே 44,000 டாலர் வண்டிக்கு விலையே கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டில் வந்து "பேசி முடிச்சிட்டேன்" என்று வேறு சொன்னேன்.

நம் ஆட்கள் இதில் விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். சென்னையில் "வீட்டை லீஸுக்கு எடுத்தேன்" என்றால் ஒத்தி. பத்து லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து, வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதே பத்து லட்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வோம். லீஸ் என்ற சொல்லோடு "முன்பணம் பத்திரமாக இருக்கும்" என்ற நினைப்பும் ஒட்டிக்கொண்டே வருகிறது. அமெரிக்க கார் லீஸ் என்பது வண்டியை மாத வாடகைக்கு ஓட்டிவிட்டு முடிவில் திருப்பிக் கொடுப்பது. அதில் டவுன் பேமெண்ட் போனது போனதுதான். அது முன்கூட்டியே கட்டிவிட்ட வாடகை. என் நண்பர் ஒருவர் 6,000 டாலர் டவுன் கட்டி எடுத்த வண்டி, ஏழாவது வாரமே பின்னால் வந்த லாரி இடித்து டோட்டல் ஆனது, அதாவது சரிசெய்து பயனில்லை என்று இன்ஷூரன்ஸே கைவிட்டது. இன்ஷூரன்ஸ் பணம் லீஸ் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது, கணக்கும் முடிந்தது. அவருடைய 6,000 எங்கேயும் வரவில்லை. அதனால் டவுன் பேமெண்ட் பூஜ்யம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். முதல் மாதத் தவணை, பதிவுக் கட்டணம், வரி மாதிரி தவிர்க்க முடியாதவற்றைக் கையில் கட்டினால் போதும்.

(ஒத்திப் பணம் போலவே திரும்பி வருகிற ஒன்றும் உண்டு. மல்டிபிள் செக்யூரிட்டி டெபாசிட் என்பார்கள். சில பிராண்டுகள்தான் தருகின்றன. சில தவணைகளுக்குச் சமமான தொகையை டெபாசிட்டாகக் கட்டினால் வட்டியைக் குறைப்பார்கள், முடிவில் டெபாசிட் அப்படியே வரும். கையில் சும்மா பணம் கிடந்தால் கேட்டுப் பாருங்கள்.)

இப்போது கணக்கு. இதை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் அப்புறம் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

உங்கள் 60,000 டாலர் வண்டியையே எடுத்துக்கொள்வோம். பேசி 8 சதவீதம் குறைத்து 55,200க்கு வாங்குகிறீர்கள். லீஸ் கம்பெனி அக்விசிஷன் ஃபீ என்று ஒன்று போடும், சொகுசு பிராண்டுகளில் பெரும்பாலும் 900இலிருந்து 1,100 வரை. 925 என்று வைத்து விலையோடு சேர்த்தால் 56,125. மூன்று வருடம் கழித்து வண்டி என்ன பெறும் என்று கம்பெனி முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் மதிப்புதான் ரெசிடுவல். அது 58 சதவீதம் என்றால் 34,800. இந்தச் சதவீதம் ஸ்டிக்கர் விலையின் மேல் போடுவது. நீங்கள் எவ்வளவு குறைத்து வாங்கினாலும் 34,800 மாறாது. பேரம் பேசிய ஒவ்வொரு டாலரும் முழுசாக உங்களுக்கு வருவது இதனால்தான்.

தேய்மானம்: 56,125இல் 34,800ஐக் கழித்தால் 21,325. அதை 36ஆல் வகுக்க 592.

வட்டி: மணி ஃபாக்டர் என்று 0.0020 மாதிரி ஒரு எண் தருவார்கள். பார்க்கக் கொசு மாதிரி இருக்கும். 2400ஆல் பெருக்குங்கள், 4.8 சதவீத வட்டி என்று புரியும். 56,125ஐயும் 34,800ஐயும் கூட்டி (கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும்) 0.0020ஆல் பெருக்கினால் மாதம் 182.

இரண்டும் சேர்ந்து 774. நியூஜெர்சி விற்பனை வரி 6.625 சதவீதம் சேர்த்தால் 825 சொச்சம். டவுன் இல்லாமல்.

உங்கள் டீலர் சொல்வதைப் பக்கத்தில் வையுங்கள். 5,000ஐ 36ஆல் வகுத்தால் 139, அதோடு 799, ஆக 938. வரி உள்ளே அடக்கம் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 113 டாலர் அதிகம், மூன்று வருடத்தில் நாலாயிரம் டாலருக்கு மேல். வரி தனி என்றால் இன்னும் மோசம். என் 58ம் 0.0020ம் உதாரண எண்கள். உங்கள் மாடலுக்கு அந்த மாதம் எவ்வளவு என்று எட்மண்ட்ஸ் என்ற கார் இணையதளத்தில் ஜிப் கோடு, மாடல், மாதம், மைல் எழுதிக் கேட்டால் சொல்வார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் டீலருக்குப் போனே பண்ணாதீர்கள்.

ஏனென்றால் மணி ஃபாக்டரில்தான் கை வைப்பார்கள். கம்பெனி 0.0020 என்று கொடுக்கும், டீலர் 0.0024 என்று உங்களிடம் சொல்லலாம், அது சட்டப்படி குற்றமும் இல்லை. மேலே போட்ட கணக்கில் அந்த 0.0004 மாதம் 36 டாலர், மொத்தம் 1,300. 1976இல் வந்த நுகர்வோர் லீஸ் சட்டத்தின்படி ஒப்பந்தத்தில் விலை, ரெசிடுவல், மொத்த வட்டியாகிய ரென்ட் சார்ஜ் எல்லாம் தெளிவாகப் போட்டாக வேண்டும். மணி ஃபாக்டரை மட்டும் போடத் தேவையில்லை! ஆனால் கண்டுபிடித்துவிடலாம். அக்விசிஷன் ஃபீ மாதிரியானவை சேர்ந்து, கழிவெல்லாம் போன பின் நிற்கும் விலையையும் ரெசிடுவலையும் கூட்டி, மாதங்களால் பெருக்கி, ரென்ட் சார்ஜை அதால் வகுத்தால் வந்துவிடும். என் 2016 ஒப்பந்தத்தை இரண்டு வருடம் கழித்து ஒரு பனிக்கால ராத்திரியில் இப்படி வகுத்துப் பார்த்தேன். வட்டியில் மட்டும் ஆயிரம் டாலர் ஏற்றியிருந்தார்கள். விலையில் ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை. ஸ்டிக்கர் விலைக்கே தலையில் கட்டியிருந்தார்கள்.

2019இல் அடுத்த வண்டிக்கு முறையை மாற்றினேன். நியூஜெர்சியில் ஞாயிற்றுக்கிழமை கார் விற்கச் சட்டப்படி தடை. ஷோரூம் பூட்டியிருக்கும், வெளியே வண்டிகள் நிற்கும். ஞாயிறு காலை அங்கே போய் யாருடைய தொந்தரவும் இல்லாமல் ஸ்டிக்கர்களைப் படித்து, எந்த ஆப்ஷன் வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்தோம். டெஸ்ட் டிரைவ் வேறொரு நாள். அப்புறம் நியூஜெர்சி, பென்சில்வேனியா, நியூயார்க் என்று எட்டு டீலர்களுக்கு ஒரே மின்னஞ்சல்: இந்த ஸ்டாக் எண், இந்த ஸ்டிக்கர் விலை. சலுகைகளைக் கழிப்பதற்கு முன் உங்கள் விற்பனை விலை என்ன? மார்க்கப் (டீலர் ஏற்றுவது) இல்லாத மணி ஃபாக்டர் வேண்டும். 36 மாதம், வருடம் 10,000 மைல், டவுன் பூஜ்யம். டாக் ஃபீ (காகித வேலைக்கு டீலர் வாங்கும் கட்டணம்) எவ்வளவு? கையெழுத்து அன்று கட்ட வேண்டியதைப் பிரித்து எழுதுங்கள்.

மூன்று பேர் பதிலே போடவில்லை. இரண்டு பேர் "நேரில் வாங்க, பேசிக்கலாம்" என்றார்கள், நான் போகவில்லை. ஒருவர் ஒரு வாரம் போன் மேல் போன் போட்டு மாதம் எவ்வளவு வேண்டும் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டே பேர் எண்களோடு எழுதினார்கள். ஒருவருடைய விலையை மற்றவருக்குக் காட்டினேன், 700 டாலர் இறங்கியது. அவ்வளவுதான் என் பேரம். 36 மாத லீஸில் விலையில் ஆயிரம் டாலர் குறைந்தால் தவணையில் சுமார் 30 குறையும், அதை வைத்தே எங்கே நிறுத்தலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவில் வாங்கினாலும் வரி நீங்கள் வண்டியைப் பதிவு செய்கிற நியூஜெர்சிக்குத்தான், அதனால் தூரத்துக்குப் பயப்பட வேண்டாம். மாதக் கடைசியில் இலக்கை எட்டத் துடிப்பார்கள் என்பது உண்மைதான், டிசம்பர் கடைசி இன்னும் நல்லது. ஆனால் நல்ல விலையை எழுத்தில் கொடுக்கிற டீலர் கிடைத்தால் பத்தாம் தேதியானாலும் எடுத்துவிடுவேன்.

மூன்றாவது வண்டி சர்வீஸ் லோனர். வண்டியை சர்வீஸுக்கு விட்டவர்களுக்கு டீலர் ஓட்டக் கொடுக்கிற கார். 4,000 மைல் ஓடியிருந்தது, யார் பேரிலும் விற்கப்படாததால் புது வண்டிக் கணக்கு, தள்ளுபடி 8க்குப் பதில் 14 சதவீதம். ஓடிய மைலுக்கு ஏற்ப ரெசிடுவலில் கொஞ்சம் கழிப்பார்கள், வாரண்டியும் முன்பே ஓட ஆரம்பித்திருக்கும். இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில்தான் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. "ஏங்க, ஊரெல்லாம் ஓட்டின வண்டிக்கா பூஜை போடணும்?" போட்டோம். பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் அர்ச்சகர் நாலு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார், லோனரா என்று கேட்கவில்லை.

விலை பேசி முடித்த பிறகு ஃபைனான்ஸ் அறை ஒன்று இருக்கிறது, அங்கே களைத்துப்போய் உட்காராதீர்கள். பெயின்ட் பாதுகாப்பு, கண்ணாடியில் எண் பொறிப்பது என்று ஒவ்வொன்றும் "மாசம் பதினெட்டு டாலர்தான்". 18 டாலர் என்றால் 648. மூன்று வருடத்தில் திருப்பிக் கொடுக்கிற வண்டிக்குப் பெயின்ட் பாதுகாப்பு எதற்கு? சக்கரம், டயர் காப்பீடு மட்டும் நான் வாங்குகிறேன். இந்த ஜெர்மன் வண்டிகளின் மெல்லிய டயரும் மார்ச் மாதத்து ஜெர்சிக் குழிகளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன். அதையும் பாதி விலைக்குப் பேசலாம்.

மைலில் பெருமை வேண்டாம். 10,000 போதும் என்று எழுதிவிட்டு டொரன்டோ, அட்லாண்டா என்று ஓட்டினால் எழுதிய வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு மைலுக்கும் 25 சென்ட் கணக்கில் கடைசியில் கேட்பார்கள்.

நீங்கள் எச்1பி என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வேலை போனால் இந்த நாட்டில் தங்க உங்களுக்கு இருப்பது அதிகபட்சம் 60 நாள். லீஸுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பாதியில் விட்டால் மிச்சத் தவணைகளில் பெரும்பகுதியைக் கேட்பார்கள். வேறொருவர் பேருக்கு மாற்றச் சில கம்பெனிகள் விடும், சில விடாது, சில மாற்றிய பிறகும் உங்களையே பொறுப்பாக வைத்திருக்கும். முன்பெல்லாம் வேறு கார் கடைக்கு விற்றுவிட்டு வெளியே வரலாம். 2021இல் சிப் தட்டுப்பாடு வந்து பழைய வண்டி விலை எகிறியதிலிருந்து பல கம்பெனிகள் வெளி டீலர் வாங்குவதையே நிறுத்திவிட்டன. கையெழுத்துப் போடும் முன், "லீஸை இன்னொருவருக்கு மாற்ற முடியுமா, மாற்றினால் என் பொறுப்பு முடியுமா" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கிரீன் கார்டு நிலைமை இழுபறியாக இருந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால், புது லீஸ் எடுக்காமல் எவராவது விட்டுப் போகிற லீஸைத் தேடுவேன். 14 மாதம், 15 மாதம் மிச்சமுள்ள வண்டிகள் கிடைக்கும். அவர் கட்டிய டவுன் பேமெண்டின் பலன் உங்கள் தவணையில் இருக்கும். சிலர் வண்டியைத் தள்ளிவிட்டால் போதும் என்று கையில் காசும் கொடுக்கிறார்கள்.

புது வண்டிதான் என்றால், இந்த டீலருக்கு நாளைக்கே எழுதுங்கள்: "799ஐ விடுங்கள், விற்பனை விலை என்ன, மணி ஃபாக்டர் என்ன?" இரண்டு எண்ணும் வந்தால் இங்கே கமெண்டில் போடுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன். "நேரில் வாங்க" என்று பதில் வந்தால் அடுத்த டீலர்.