பேஸ்மேக்கர் வைத்தவருக்குப் பல் எடுக்க மரத்துப்போகும் ஊசி போடலாமா?

அம்மாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது, கடவாய்ப்பல்லை எடுத்தாக வேண்டும், மரத்துப்போகும் ஊசியில் இதயத் துடிப்பைக் கூட்டும் அட்ரினலின் கலந்திருக்கிறதாமே, பேசாமல் ஊசி போடாமலேயே எடுத்துவிடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். நான் பல் மருத்துவர். இதய நோயாளிகளுக்குப் பல் எடுக்கும்போது எனக்கு அட்ரினலின் கலந்த ஊசியிடம் இருக்கும் பயத்தைவிட, சரியாக மரக்காத பல்லிடம் இருக்கும் பயம் அதிகம்.

முதலில் கருவியின் கதையை முடித்துவிடலாம். பேஸ்மேக்கர் என்பது இதயத்தின் மின்துடிப்பைக் கவனித்து, தேவைப்படும்போது தானே ஒரு துடிப்பைத் தூண்டிவிடும் கருவி. ஈறில் போடும் அளவு மருந்து அதை எதுவும் செய்யாது. அதனால் பேஸ்மேக்கர் இருக்கிறது என்பதைவிட, எந்தக் கோளாறுக்காக அதை வைத்தார்கள், அந்தக் கோளாறு இப்போது கட்டுக்குள் இருக்கிறதா, அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

ஊசியில் இருப்பது பெரும்பாலும் இரண்டு மருந்துகள். மரக்க வைப்பது லிடோகைன். லிக்னோகைன் என்றாலும் அதுதான். இதயத்தின் கீழறையில் துடிப்பு தாறுமாறாகும்போது ரத்தக்குழாய் வழியாகக் கொடுக்கும் மருந்துகளில் இதுவும் ஒன்று என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. இன்னொன்று அட்ரினலின். ஊசி போட்ட இடத்தில் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, லிடோகைன் அங்கேயே தங்கும்படி செய்கிறது. மரப்பு நீடிக்கும், ரத்தக்கசிவு குறையும், லிடோகைன் ரத்தத்தில் மெதுவாகத்தான் கலக்கும். சும்மா சேர்த்த சரக்கில்லை அது.

அளவைப் பார்த்தால் பயம் பாதி போய்விடும். 1,00,000-க்கு 1 என்ற விகிதத்தில் கலந்த 1.8 மி.லி. கார்ட்ரிட்ஜ் (சிரிஞ்சில் பொருத்தும் மருந்துக் குப்பி) ஒன்றில் 18 மைக்ரோகிராம் அட்ரினலின் இருக்கும். 80,000-க்கு 1 என்றால் 22.5. இதய நோயாளிக்கு ஒரு வேளைக்கு 40 மைக்ரோகிராம் அளவில் நிறுத்திக்கொள்வது வழக்கம், அதாவது கிட்டத்தட்ட இரண்டு கார்ட்ரிட்ஜ். ஆரோக்கியமானவருக்கு 200 வரை போகலாம். ஒரு பல் எடுக்க இரண்டுக்குள் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். வலியிலும் பயத்திலும் நம் உடம்பே சுரக்கிற அட்ரினலின் இதையெல்லாம் தாண்டிப் போகக்கூடியது. ஊசி போடாமல் பல்லை அசைத்தால் அம்மாவின் இதயத்துக்கு அந்தச் சுமைதான் போய்ச் சேரும்.

அளவோடு, போடும் விதத்தையும் பார்க்க வேண்டும். ஊசி முனை ரத்தக்குழாய்க்குள் போயிருக்கிறதா என்று சிரிஞ்சின் தண்டைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக மருந்தைச் செலுத்த வேண்டும். ஒரு கார்ட்ரிட்ஜுக்கு ஒரு நிமிடமாவது எடுத்துக்கொள்வது நல்லது. மருந்து குழாய்க்குள் போய்விட்டால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், சில நிமிடங்களில் அடங்கிவிடும். "எனக்கு அந்த ஊசி அலர்ஜி டாக்டர்" என்று வருபவர்களில் கணிசமானவர்களைக் குடைந்து கேட்டால் இந்தப் படபடப்பைத்தான் சொல்வார்கள். அம்மாவுக்கு முன்பு அப்படி ஆகியிருந்தால் அலர்ஜி என்று சுருக்காமல் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலோ, எலும்புக்குள்ளேயோ அழுத்திப் போடும் ஊசி முறைகளில் மருந்து சட்டென்று ரத்தத்தில் கலந்துவிடும். இதய நோயாளிக்கு அட்ரினலின் கலந்த மருந்தை அப்படிப் போட எனக்குச் சம்மதமில்லை.

சரி, யாருக்கு உண்மையிலேயே யோசிக்க வேண்டும்? சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், துடிப்பு இன்னும் கட்டுக்குள் வராதவர், படுத்தால் மூச்சு முட்டுகிறவர். இவர்களுக்கு அவசரமில்லாத பல் வேலையையே தள்ளிப்போட வேண்டும். பிறவியிலேயே சிலருக்கு இருக்கும் நீண்ட க்யூ.டி. என்ற இதய மின்னோட்டக் கோளாறு, அட்ரினலின் ஏறினாலே துடிப்பு தறிகெடும் பரம்பரைக் கோளாறு போன்றவற்றில் இதய மருத்துவரைக் கேட்காமல் அட்ரினலினைத் தொடக்கூடாது. ரத்த அழுத்தத்துக்கும் துடிப்புக்கும் கொடுக்கும் ப்ரோப்ரனலால் மாதிரியான மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அட்ரினலின் சேர்ந்தால் ரத்த அழுத்தம் எகிறி, நாடி குறையலாம். அளவை இன்னும் குறைக்க வேண்டும். அட்டினலால், மெட்டோப்ரலால் போன்றவற்றில் இந்தச் சிக்கல் குறைவு.

அட்ரினலின் இல்லாத மருந்தும் இருக்கிறது, 3 சதவீத மெபிவகைன் போல. சின்ன வேலைக்கு அருமையானது. ஆனால் சீக்கிரம் தெளிந்துவிடும். வேர் வளைந்த கடவாய்ப்பல்லைப் பாதி எடுத்த நிலையில் வலி திரும்பினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 'இதய நோயாளியா, அட்ரினலினே வேண்டாம்' என்று கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் ஒரே விதி போடுவது எனக்கு உடன்பாடில்லை.

கருவிக்குத் தொல்லை தரக்கூடியது மருந்தைவிடப் பல் மருத்துவமனையின் சில இயந்திரங்கள்தான். சதையை மின்சாரத்தால் வெட்டிக் கருக்கும் காட்டரி அதில் முதலாவது. பேஸ்மேக்கர் அந்த மின் சமிக்ஞையை இதயத் துடிப்பு என்று நினைத்துத் தன் வேலையை நிறுத்திக்கொள்ளக்கூடும். அதிர்ச்சி கொடுக்கும் ஐ.சி.டி. வகைக் கருவியாக இருந்தால் தேவையில்லாமல் ஷாக் கொடுத்துவிடலாம். கறை எடுக்கும் அல்ட்ராசோனிக் கருவியில் காந்தச் சுருளால் இயங்கும் பழைய வகையைத் தவிர்த்தால் நிம்மதி. எக்ஸ்ரே, பல் அடைப்பை இறுக வைக்கும் நீல விளக்கு இவற்றால் பயமில்லை.

உண்மையில் பல் எடுக்கும் நாளில் எனக்கு அதிகம் தலைவலி கொடுப்பது ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள். துடிப்புக் கோளாறு உள்ள பலர் இவற்றைச் சாப்பிடுவார்கள். அப்புறம், பல் எடுக்கப் போகிறோமே என்று யாரையும் கேட்காமல் தாங்களாகவே நாலு நாள் நிறுத்திவிட்டு வருவார்கள். பல் குழியில் கசியும் ரத்தத்தைத் தையல் போட்டு, பஞ்சு வைத்து, கடித்து அழுத்தச் சொல்லி நிறுத்திவிடலாம். மாத்திரையை நிறுத்தியதால் உருவாகி மூளைக்குப் போய் அடைத்த ரத்தக்கட்டியை அப்படிச் சரிசெய்ய முடியாது. வார்ஃபரின் என்றால் முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ எடுத்த ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) அளவைக் கொண்டுவாருங்கள். பல் எடுத்த பிறகு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் வார்ஃபரின் சாப்பிடுவதை ஒருமுறை நினைவுபடுத்துங்கள், அது ஐ.என்.ஆரைக் கூட்டிவிடும். வலிக்கு ஐபுபுரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் போதும். பேஸ்மேக்கர் மட்டும் இருந்தால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவையில்லை. செயற்கை வால்வு இருந்தால் தேவை.

இதய மருத்துவரிடம் "பல் எடுக்கலாமா" என்று மட்டும் கேட்டால் "எடுக்கலாம்" என்று ஒற்றை வரியில் சீட்டு வரும். அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது. துடிப்பு இப்போது சீராக இருக்கிறதா, இதயம் முழுக்க பேஸ்மேக்கரை நம்பித்தான் ஓடுகிறதா, கருவியைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், அட்ரினலின் 40 மைக்ரோகிராம் வரை கொடுக்க ஆட்சேபம் உண்டா என்று எழுதி வாங்குங்கள். கூடவே கருவியின் அடையாள அட்டையும் மாத்திரைச் சீட்டும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபின் அம்மாவுக்கு நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தாலும், படபடப்பு சில நிமிடங்களில் அடங்காவிட்டாலும், அடக்கிக்கொள்ளாமல் உடனே கையைத் தூக்கச் சொல்லுங்கள். வேலையை அங்கேயே நிறுத்திவிடலாம்.