பூசணிப் பிஞ்சு முதல் ஆமை முட்டை வரை: இனப்பெருக்கம் பற்றிக் கேட்டதும் சொன்னதும்

பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன், வீட்டில் தோட்டமும் கோழிகளும் உண்டு. செடியோ கோழியோ மனிதரோ, எதைப் பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில்கள்.

பரணி, திண்டுக்கல்: மாடியில் பூசணிக்கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது. பூவும் நிறைய. ஆனால் பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி வெம்பி விழுகிறது. என்ன உரம் போடலாம்?

உரமே வேண்டாம் பரணி. மகரந்தம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு, இரண்டும் ஒரே கொடியில் வரும். பூவுக்கு அடியில் குட்டி உருண்டை இருந்தால் பெண்பூ, வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண்பூ. முதலில் ஆண்பூவாகத்தான் வந்து உதிரும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அப்புறம் பெண்பூ விரியும்போது தேனீ வந்தாக வேண்டும், ஏனென்றால் பூசணி மகரந்தம் ஒட்டும் தன்மை உள்ளது, கனமானது, காற்றில் பறந்து போகாது. மாடியில் தேனீ குறைவு என்றால் அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள். காலையில் பூ விரிந்ததும் ஒரு ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பெண்பூவின் நடுவே மெதுவாகத் தடவுங்கள். வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும், அப்புறம் பயனில்லை. ஒரு விதைக்கு ஒரு மகரந்தத் தூள் தேவை என்பதால் கொஞ்சம் தாராளமாகவே தடவுங்கள், பாதி விதை மட்டும் பிடித்தால் காய் கோணலாக வளரும்.

பீர்க்கும் சுரையும் போட்டிருந்தால் இதே வேலையைச் சாயங்காலம் செய்ய வேண்டும், அவற்றின் பூ விரிவது அப்போதுதான். புடலை இன்னும் பொழுது சாய்ந்து விரியும். பூ விரியும் நேரத்தில் மட்டும் தயவுசெய்து பூச்சிமருந்து அடிக்காதீர்கள், வருகிற கொஞ்சநஞ்ச தேனீயும் போய்விடும்.

நர்மதா, பழனி: எங்கள் பப்பாளி நீளமான காம்பில் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, காய் மட்டும் இல்லை. மரத்தில் ஆணி அடித்தால் காய்க்கும் என்கிறார்களே?

அது ஆண் மரம். ஆணி அடித்தால் மரத்துக்குக் காயம்தான் மிச்சம். பப்பாளியில் ஆண், பெண், இருபால் என்று மூன்று வகை உண்டு. விதையையோ கன்றையோ பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, பூ வந்தால்தான் தெரியும். ஆண் மரங்களில் சில, தட்பவெப்பம் மாறும்போது தானாகவே இருபால் பூ விட்டு, அந்த நீளக் காம்பில் நாலைந்து காய் தொங்கவிடுவதும் உண்டு. அதற்குக் கொஞ்சம் முன்னால் யாராவது ஆணி அடித்திருந்தால் பெயர் ஆணிக்குப் போய்விடும். அடுத்த முறை ஒரு குழிக்கு மூன்று நான்கு கன்று வைத்து, பூ வந்ததும் தேவையில்லாததை எடுத்துவிடுங்கள். அல்லது கோ 7, ரெட் லேடி மாதிரி ரகம் வாங்குங்கள், அவற்றில் பெண்ணும் இருபாலும்தான் வரும்.

முத்துக்குமார், தூத்துக்குடி: பனையிலும் அப்படியா?

பனையில் ஆண் மரம், பெண் மரம் இரண்டே. நுங்கு பெண் பனையில் மட்டும், பதநீர் இரண்டிலும் இறக்கலாம். எது எது என்று தெரிய பாளை வரும்வரை பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டும். செய்யாறு திருவோத்தூரில் ஆண் பனைகள் குலை ஈன்றதாகச் சம்பந்தர் தேவாரத்தில் வருகிறது. மரத்தில் ஆண், பெண் உண்டு என்பதை நம் ஊரில் அவ்வளவு காலமாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

ஷீலா, நாகர்கோவில்: சேவல் இல்லாமல் கோழி முட்டையிடுமா? கடை முட்டையில் உயிர் இருக்கிறதா?

இடும். முட்டையிடுவது பெட்டைக்கோழியின் உடல் தானாகச் செய்கிற வேலை, சேவல் சேர்ந்தால்தான் அதில் கருப்பிடிக்கும். முட்டைப் பண்ணைகளில் சேவலே வைப்பதில்லை, அதனால் கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை எத்தனை நாள் அடைவைத்தாலும் குஞ்சு வராது. நாட்டுக்கோழி முட்டை என்றால் வரலாம், 21 நாள். இன்னொரு விஷயம், சேவலின் விந்தைப் பெட்டை தன் உடலுக்குள்ளேயே சேமித்து வைக்கும். சேவலை விற்ற பிறகும் ஒரு வாரம் பத்து நாள் வரை கருக்கூடிய முட்டை வந்துகொண்டிருக்கும்.

பெயர் வேண்டாம் என்று கேட்டவர்: எனக்கு இரண்டும் பெண் குழந்தைகள். மூன்றாவதும் பெண்ணாகத்தான் பெறுவாள் என்று வீட்டில் காதுபடவே பேசுகிறார்கள். என் உடம்பில் ஏதாவது கோளாறா?

இல்லை அம்மா. உங்கள் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை, அந்தப் பேச்சில்தான் கோளாறு.

செல்லுக்குள் பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் இழைகள்தான் குரோமோசோம். பெண்ணின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம், ஆணின் செல்லில் ஒரு எக்ஸ், ஒரு ஒய். கருமுட்டை எது உருவானாலும் அதில் எக்ஸ் மட்டும்தான் இருக்கும், அம்மாவிடம் கொடுக்க வேறு எதுவும் இல்லை. விந்தணுவில் பாதி எக்ஸ் சுமந்து வரும், பாதி ஒய். எக்ஸ் போய்ச் சேர்ந்தால் பெண், ஒய் சேர்ந்தால் ஆண். ஆக, குழந்தை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது அப்பாவிடமிருந்து வரும் அணு. அதற்காக உங்கள் கணவரைக் குறை சொல்லவும் இதில் ஒன்றும் இல்லை, எந்த விந்தணு முந்தும் என்பது அவர் கையிலும் கிடையாது. மூன்றாவது குழந்தைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான், முன்னால் பிறந்த இரண்டு பேரையும் உடம்பு கணக்கு வைத்துக்கொள்வதில்லை. எந்த நாளில் சேர வேண்டும், எந்தப் பக்கம் படுக்க வேண்டும், எதைச் சாப்பிட வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஸ்கேனில் பார்த்துச் சொல்கிறோம் என்று யாராவது வந்தால் அது குற்றம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வதைத் தடை செய்யும் சட்டம் 1994-ல் வந்தது. சொல்கிறவருக்கும் தண்டனை, பார்க்கச் சொல்கிறவருக்கும் தண்டனை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலைமையில் இருந்த மாநிலம் இது. அதனால் இந்த ஒரு பாடத்தை மட்டும் நான் எந்த வகுப்பிலும் அவசரப்பட்டு முடிப்பதில்லை, பையன்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டு அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தப் பதிலை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

(மேலே கோழியைப் பற்றிக் கேட்ட ஷீலாவுக்கு: பறவைகளில் இது தலைகீழ். அங்கே இரண்டு விதக் குரோமோசோம் இருப்பது பெட்டையிடம், குஞ்சு சேவலா பெட்டையா என்பதை முட்டைதான் முடிவு செய்கிறது.)

தேன்மொழி, தஞ்சாவூர்: ஒட்டிய வாழைப்பழம் சாப்பிட்டால் இரட்டைப் பிள்ளை பிறக்குமா? வாழைக்கு ஏன் விதையே இல்லை?

பிறக்காது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்தால் ஒரே அச்சில் இரட்டையர். இரண்டு கருமுட்டை ஒரே சமயம் வெளிவந்து இரண்டும் கருவுற்றால் ஒரு பிரசவத்தில் பிறந்த சாதாரண அண்ணன் தங்கை போலத்தான், ஆணும் பெண்ணுமாகவும் இருக்கலாம். இந்த இரண்டாவது வகைதான் தாய்வழியில் குடும்பத்தில் தொடரக்கூடியது.

வாழை விஷயம் இன்னும் சுவாரசியம். காட்டு வாழையில் கல் போன்ற கறுப்பு விதைகள் நிறைய இருக்கும், சதை கொஞ்சம்தான். நாம் சாப்பிடும் பூவன், ரஸ்தாளி, நேந்திரன் எல்லாவற்றிலும் குரோமோசோம் இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று தொகுதி, மொத்தம் 33. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாததால் ஒழுங்கான மகரந்தமும் விதையாக வளர வேண்டிய சூலும் உருவாவதில்லை, மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய் திரண்டுவிடுகிறது. பழத்தின் நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் வளராமல் நின்றுபோன சூல்கள். எல்லாமே பக்கக்கன்றில் வருவதால் தோட்டம் முழுக்க ஒரே வாழையின் நகல்கள்தான், இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் ரகத்தை 1950-களில் பனாமா வாடல் நோய் வணிகத் தோட்டங்களிலிருந்தே துடைத்துவிட்டது, ஒரு கன்றுக்குத் தாங்கும் சக்தி இல்லை என்றால் எந்தக் கன்றுக்கும் இல்லை. இப்போது அதே நோயின் இன்னொரு வடிவம், உலகச் சந்தையில் அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷ் வாழையைப் பிடித்திருக்கிறது, இந்தியாவுக்கும் வந்துவிட்டது. விதை வழியாக இரண்டு பெற்றோரின் குணம் கலப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது இங்கேதான் தெரிகிறது.

ஜோசப், கோவை: பூந்தொட்டியில் மண்புழு மாதிரி வழவழவென்று ஒரு பாம்பு. ஆண் இல்லாமலே குட்டி போடும் என்கிறார்கள், உண்மையா?

குட்டி போடாது, முட்டையிடும், மற்றபடி உண்மை. அது புழுப்பாம்பு, விஷம் கிடையாது, எறும்பு முட்டையும் கறையானும் தின்னும், கொல்லாதீர்கள். உலகத்தில் இதுவரை ஆராய்ந்து பார்த்தவை எல்லாம் பெண்தான். வாழை மாதிரியே இதற்கும் மூன்று தொகுதிக் குரோமோசோம். கருவுறாத முட்டையே அம்மாவின் நகலாக வளர்ந்துவிடும். தொட்டி மண்ணோடு ஒரே ஒரு பாம்பு கப்பல் ஏறினாலும் போகிற ஊரில் இனம் தழைத்துவிடும், அப்படித்தான் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது.

ராதிகா, மதுரை: அத்தி பூக்கவே பூக்காதா?

பூக்கும், நாம் காய் என்று நினைக்கும் உருண்டைக்குள்ளேதான் நூற்றுக்கணக்கில் பூ. நுனியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக ஒரு குட்டிக் குளவி நுழைகிறது, நுழையும்போதே இறக்கை பிய்ந்துவிடும். உள்ளே மகரந்தத்தைச் சேர்த்துவிட்டுச் சில பூக்களில் முட்டையிட்டுச் சாகும். அதன் பிள்ளைகளில் இறக்கையில்லாத ஆண்கள் உள்ளேயே பெண்களோடு சேர்ந்து, வெளியே போக வழியும் குடைந்து கொடுத்துவிட்டுச் சாகும். பெண்கள் மகரந்தத்தோடு அடுத்த காய்க்குப் பறக்கும். நாட்டு அத்திப்பழத்தைப் பிட்டால் பூச்சி இருப்பது இதனால்தான். கடையில் விற்கும் சீமை அத்தியில் குளவி இல்லாமலே பழுக்கும் ரகங்கள் பல உண்டு.

இம்ரான், சென்னை: பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமை முட்டைகளை எடுத்துப்போய் வேறிடத்தில் புதைக்கிறார்களே, அது சரியா?

சரிதான். நாய், வெளிச்சம், மனித நடமாட்டம் எல்லாம் இருக்கும் கடற்கரையில் வேறு வழியில்லை. பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் மார்ச் வரை அதிகமாகக் கரையேறி, ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இடும். வனத்துறையும் தன்னார்வ மாணவர்களும் ராத்திரியில் நடந்து குழிகளைத் தேடி, வேலியிட்ட பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். பொரிய ஏறக்குறைய 45 முதல் 55 நாள். கடல் ஆமையில் எக்ஸ், ஒய் எதுவும் இல்லை, மணலின் சூடுதான் முடிவு செய்யும். சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். அதனால்தான் குழியின் ஆழமும் நிழலும் அவ்வளவு முக்கியம், வெயில் கடுமையாகிக்கொண்டே போனால் ஆண் குஞ்சு குறைந்துவிடுமோ என்ற கவலையும் அதனால்தான். நீங்கள் குழியைப் பார்த்தால் தோண்டாதீர்கள், முட்டையை உருட்டினால் உள்ளே கரு செத்துவிடும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, டார்ச் அடிக்காமல் தள்ளி நில்லுங்கள்.