கேமரா எதைப் பார்த்தது? ஜி1, ஜி2 கேள்வி பதில்

தைப்பூசக் காவடி முடிந்து, ஃபிலிம் கழுவி வந்ததும் மொரீஷியஸ் நண்பர்களின் கேள்விகள் வரிசையாக வந்துவிட்டன. பெரும்பாலும் கான்டாக்ஸ் ஜி1 (1994), ஜி2 (1996) பற்றித்தான். இரண்டும் லென்ஸ் மாற்றக்கூடிய, தானே ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர்கள், அதாவது லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் (வியூஃபைண்டர்) வழியாகப் பார்த்து எடுக்கும் ஃபிலிம் கேமராக்கள்.

காத்ர் போர்னிலிருந்து: அண்ணா, கோர் தெ கார்ட் மலைக் கோயில் காவடியை ஜி1-இல் 90 மி.மீ. லென்ஸ் போட்டு எடுத்தேன். பாதிப் படங்களில் முகம் மங்கல், பின்னால் நிற்கும் ஆள் பளிச்! கேமரா பழுதா?

பழுது என்று உடனே முடிவு கட்டாதீர்கள் தம்பி. ஜி1-இன் முன்பக்கம் இரண்டு சின்ன ஜன்னல்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் விழும் இரு பிம்பங்களையும் ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிடுகிறது. பிறகு பாடியில் இருக்கும் மோட்டார் ஒரு சிறு தண்டு வழியாக லென்ஸைத் திருப்புகிறது. ஃபோகஸுக்காக லென்ஸ் வழியாக அது எதையும் பார்ப்பதே இல்லை. நீங்களும் பார்ப்பதில்லை. லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவில் மங்கலாக இருந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். இதில் வியூஃபைண்டர் எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும், ஃபோகஸ் எங்கே போயிருந்தாலும்.

90 மி.மீ., எஃப்2.8 (லென்ஸின் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்லும் எண்), 2 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 8 செ.மீ. சுமார். அதே தூரத்தில் 45 மி.மீ. எஃப்2 உங்களுக்கு 24 செ.மீ. தரும், 28 மி.மீ. எஃப்2.8 முக்கால் மீட்டருக்கு மேல். காவடி ஆடிவருபவர் ஓர் அடி எடுத்து வைத்தாலே அந்த 8 செ.மீ. போச்சு. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி ஃபோகஸைப் பூட்டிப் பிடித்துக்கொண்டு நல்ல முகபாவத்துக்காகக் காத்திருக்கிறீர்கள், அங்கேதான் தவறுகிறது. விடுங்கள், மறுபடி அழுத்துங்கள், உடனே எடுங்கள். வியூஃபைண்டரின் நடுக்குறி முகத்தில் இருக்கட்டும். மயிலிறகுக்கு இடையில் வைத்தால் இடைவெளி வழியே பின்னால் இருப்பவரைப் பிடித்துக்கொள்ளும். கரும்புக் காட்டோரம் எடுத்தாலும் இதே கதைதான். வியூஃபைண்டரின் அடியில் ஃபோகஸ் தூரத்தைக் காட்டும் கோட்டை ஒரு கண் பார்த்துவிட்டு எடுங்கள். ஆள் 2 மீட்டரில் நிற்க, கோடு 5 மீட்டருக்குப் போயிருந்தால் ஃபிலிமை வீணாக்க வேண்டாம்.

போர்ட் லூயியிலிருந்து: அது சரி, ஜன்னல் அழுக்கானால்?

நல்ல வேளை கேட்டீர்கள். என் ஜி1 ஒருமுறை எதையுமே பிடிக்காமல் அலைந்தது. ஒரு கடையில் கொடுத்தேன், சென்சாரே போய்விட்டது என்று திருப்பித் தந்துவிட்டார்கள். வீட்டில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு ஜன்னலில் மட்டும் மெல்லிய வெள்ளைப் படலம். விபூதி பூசிய கட்டைவிரல்! மெல்லிய துணியால் துடைத்தேன், அன்று முதல் ஒழுங்காக வேலை செய்கிறது. இரண்டில் ஒன்று மங்கினாலும் ஒப்பிட முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

கடலை எடுத்தால் ஃபோகஸ் தடுமாறுகிறதே?

இந்தச் சென்சார் செங்குத்தான கோடுகளைத்தான் நன்றாகப் படிக்கும். அடிவானமோ படுத்துக் கிடக்கும் ஒற்றைக்கோடு. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, பிறகு நேராக்கிக்கொள்ளுங்கள். அல்லது கையால் முடிவிலியில் வைத்துவிடுங்கள்.

கோனிகா ஹெக்ஸார் ஏஎஃப் இருக்கிறது. பஸ் கண்ணாடி வழியாக எடுத்தால் எல்லாம் மங்கல். ஏன்?

அந்தக் கேமராவின் (1993) வழியே வேறு. அகச்சிவப்பு ஒளியை வீசி, திரும்பி வருவதை அளக்கும். கண்ணாடியில் பட்டுத் திரும்பினால் ஜன்னலையே ஆள் என்று நினைத்துக்கொள்ளும். பஸ்ஸில் தூரத்தைக் கையால் வையுங்கள். இருட்டிலோ இது ராஜா. கோயில் மண்டபத்துக்குள் ஜி1 திணறும் இடத்தில்கூடப் பிடித்துவிடும். ஜி2-இல் ஜி1-இன் ஒப்பிடும் வழி, இந்த அகச்சிவப்பு வழி இரண்டும் சேர்ந்திருக்கின்றன. ஜி1-ஐவிட அது நம்பகமானது என்று சொல்வதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

கியூர்பிப் ஊரின் ஈரத்தில் கேமராவை எப்படி வைப்பது?

தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு லென்ஸுக்குப் பூஞ்சை வளர்த்துத் தரும். மூடி இறுகும் டப்பா, சிலிக்கா ஜெல் போதும். ஜெல்லை அவ்வப்போது சூடாக்கிக் காயவையுங்கள்.

பழைய ஜி1 வாங்கலாமா ஐயா?

கேமராவை உருவாக்கிய கியோசெரா 2005-இல் கான்டாக்ஸை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. புது உதிரிபாகம் கிடைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். பின்கதவைத் திறந்து ஃபிலிம் அறையைப் பாருங்கள். பச்சை லேபிள் இருந்தால்தான் 21, 35 மி.மீ. லென்ஸ்கள் சேரும். 35-70 ஜூம் எப்படியும் ஜி2-க்கு மட்டும். எல்சிடி கறுத்துக் கசிந்திருக்கிறதா பாருங்கள். இரண்டு புது சிஆர்2 பேட்டரியைக் கையோடு கொண்டு போங்கள். பேட்டரி இளைத்தால் ஃபோகஸும் இழுக்கும், விற்பவர் அதையே சாக்காகச் சொல்வார். 90 மி.மீ. லென்ஸ் இருந்தால் அதைப் போட்டு 1 மீட்டரில் ஒரு செய்தித்தாளை எடுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.